கல்லூரி உதவித்தொகை: விண்ணப்பித்த பிறகு பணம் எந்த வழியில் வருகிறது?

பிளஸ் டூ முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை முடிந்ததும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலிருந்து செய்திக்குறிப்புகள் வரிசையாக வரத் தொடங்கும். ஆதிதிராவிடர் மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பிற்படுத்தப்பட்டோருக்கு இலவசக் கல்வித் திட்டம், அரசுப் பள்ளி மாணவியருக்குப் புதுமைப்பெண், மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளம், வங்கிகளின் கல்விக் கடன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறிவிப்பு, தனித்தனிக் கடைசித் தேதி. இவையெல்லாம் ஒன்றா, வேறுவேறா, ஒன்றை வாங்கினால் இன்னொன்று போய்விடுமா என்று பெற்றோர் குழம்பி நிற்கும் அதே வாரத்தில், "முதலில் ஃபீஸ் கட்டிவிடுங்கள், ஸ்காலர்ஷிப் வந்தால் உங்கள் கணக்கில் வரும்" என்று கல்லூரி அலுவலகம் சொல்லிவிடுகிறது.

எல்லாக் குடும்பமும் முதலில் கேட்கும் கேள்வி, "நமக்குக் கிடைக்குமா?" என்பது. அதே அளவு முக்கியமான இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு. கிடைத்தால் அந்தப் பணம் யார் கையில், எத்தனை பேரின் சரிபார்ப்பைத் தாண்டி வந்து சேரும்? தகுதி முழுமையாக இருந்தும் ஒரு ரூபாய்கூட வராமல் படிப்பை முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய விண்ணப்பம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் சிக்கி நின்றிருக்கும். தமிழ்நாட்டை மையமாக வைத்து அந்த வழியை அடியிலிருந்து பார்ப்போம்.

அரசு உதவியில் மூன்று வகை

திட்டங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, பணம் எந்த வடிவில் வருகிறது என்று பிரித்துக்கொள்வது பயன்தரும்.

1. கட்டணச் சலுகை. பணம் மாணவர் கையைத் தொடாது. கல்லூரி அந்தத் தொகையை மாணவரிடம் வாங்காமல் அரசிடமிருந்து பெற்றுக்கொள்ளும். முதல் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கட்டணமும் இந்த வகை.

2. நேரடிப் பணம். மாணவரின் வங்கிக் கணக்கில் வந்து விழும். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் மத்திய அரசுப் பங்கு, மத்திய அரசின் தகுதி உதவித்தொகை ஆகியவை இதில் சேரும்.

3. வட்டி மானியத்துடன் கடன். அசலைத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். அரசு ஏற்பது வட்டியை மட்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு.

முதல் வகையில் தாமதம் ஏற்பட்டால் சுமை கல்லூரியின்மேல் விழும். இரண்டாம் வகையில் அது குடும்பத்தின்மேல் விழுகிறது. ஒரு திட்டம் முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நகரும்போது, தொகை ஒரு ரூபாய்கூடக் குறையாவிட்டாலும் ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய மாற்றம். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் நடந்தது இதுதான்.

யாருக்கு எது?

முதல் பட்டதாரிச் சலுகை 2010-11 கல்வியாண்டில் தொடங்கியது. சாதி, வருமானம் இரண்டுமே இதற்குத் தடையில்லை. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இந்தச் சலுகையைப் பயன்படுத்தியிருந்தால் தம்பிக்கோ தங்கைக்கோ கிடையாது. சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும்தான். ஹாஸ்டல், மெஸ், கல்லூரி பஸ் எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. கலந்தாய்வின்போதே சான்றிதழைக் காட்ட வேண்டும் என்பதால் கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவது ஆபத்தானது.

7.5 சதவீத ஒதுக்கீடு 2020-ல் மருத்துவப் படிப்புக்கும், 2021-ல் தனிச் சட்டத்தின் மூலம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. இதன்கீழ் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. இருக்கும் உதவிகளிலேயே முழுமையானது இது என்பது என் கருத்து. தகுதியுள்ள மாணவர், கலந்தாய்வு விண்ணப்பத்தில் இந்தப் பிரிவைக் குறிக்காமல் விட்டுவிட்டால் பிறகு ஈடுசெய்வது மிகக் கடினம்.

புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கப்பட்டது. திருமண உதவியாக இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டத்தை உயர்கல்வி உதவியாக மாற்றியதன் விளைவு அது. மாதம் 1,000 ரூபாய், வருமான வரம்பு இல்லை. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல் கோவையில் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் 2024 டிசம்பரில் புதுமைப்பெண் விரிவாக்கப்பட்டது. வேறு உதவித்தொகை வாங்குபவர்களும் இந்த 1,000 ரூபாயைப் பெறலாம்.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்களுக்கான விதி படிப்பைப் பொறுத்து இரண்டாகப் பிரிகிறது. அரசு, அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் என்றால், இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான நிபந்தனை இல்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

மத்திய அரசின் தகுதி உதவித்தொகை சாதி சார்ந்ததன்று. தங்கள் பாடத்திட்ட வாரியத்தில் பிளஸ் டூ எழுதித் தேறியவர்களில் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 புதிய மாணவர்களுக்கு, இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் தரப்படுகிறது. வேறு உதவித்தொகை பெறுபவர்களுக்கு இது கிடையாது.

"குடும்ப வருமானம்" என்றால் எதை?

எல்லாச் சிக்கலும் கூடும் இடம் இது. போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் 2.5 லட்சம் என்ற வரம்பு 2013-ல் நிர்ணயிக்கப்பட்டது. பத்தாண்டுக்கும் மேலாக அதே எண் நீடித்து வந்தது.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தந்தை ஜவுளிக் கடையில் மாதம் 12,000 ரூபாய்க்கு வேலை செய்கிறார். தாய் பனியன் கம்பெனியில் மாதம் 10,000 வாங்குகிறார். இருவருடையதையும் சேர்த்தால் ஆண்டுக்கு 2,64,000. வாடகை வீட்டில் இருக்கும், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் இந்தக் குடும்பம் விதிப்படி வரம்பைத் தாண்டிவிட்டது. தாய் வேலைக்குப் போகாமல் இருந்திருந்தால் தகுதி இருந்திருக்கும். உழைக்கும் பெண்ணின் சம்பளம் பிள்ளையின் ஸ்காலர்ஷிப்பைப் பறிக்கும்படி வைத்திருக்கும் வரம்பு நியாயமானதன்று; அதை உயர்த்தச் சொல்லும் கோரிக்கையை ஆதரிக்க இந்த ஒரு கணக்கே போதும்.

இன்னொரு குழப்பம், 8 லட்சம் என்ற எண். ஓபிசி பிரிவில் 'கிரீமி லேயர்' (இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்படும் வசதியான பிரிவு) இல்லை என்ற சான்றிதழுக்கு 8 லட்சம் வரம்பு. ஆனால் அந்தக் கணக்கில் சம்பள வருமானமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை. உதவித்தொகைக்கான வருமானச் சான்றிதழில் எல்லா வழி வருமானமும் சேரும். ஒரே குடும்பத்துக்கு இரண்டு சான்றிதழிலும் வெவ்வேறு தொகை வருவது தவறில்லை. ஆனால் ஒன்றை இன்னொன்றுக்குப் பதிலாக வைக்க முடியாது.

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சேவைக் கட்டணம் 60 ரூபாய். விஏஓ பார்த்து, வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்து, வட்டாட்சியர் ஒப்பளிக்க வேண்டும். மூன்று படிகளில் ஒன்றில் விடுப்பு என்றாலும் நாட்கள் ஓடிவிடும். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, முடிவுகளுக்குக் காத்திருக்காமல் விண்ணப்பித்துவிடுவது நல்லது. பழைய அட்டை வடிவச் சாதிச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள், எண்ணை வைத்து இணையத்தில் சரிபார்க்கக்கூடிய மின்சான்றிதழையும் அப்போதே வாங்கிவிட வேண்டும்.

போஸ்ட் மெட்ரிக் திட்டம்: 2021-ல் மாறியது என்ன?

பட்டியல் சாதி மாணவர்களுக்கான இந்தத் திட்டம் 1944-லிருந்து இருப்பது. இந்தியாவின் மிகப் பழைய கல்வி உதவிகளில் ஒன்று. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எந்தப் படிப்புக்கும் பொருந்தும். திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்களையும், படிப்புக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்ப ஆண்டுப் படித்தொகையையும் தருகிறது. தொழிற்பட்டப் படிப்பில் விடுதியில் தங்குபவருக்குப் படித்தொகை ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வந்து போகிறவருக்கு 7,000. பின்னர் திரும்பத் தரப்படும் காப்புத்தொகை போன்றவை இதில் அடங்காது.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை திட்டத்தை மாற்றியமைத்தது. 2025-26 வரையிலான ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். அதற்கு முன்பு மாநிலங்களின்மேல் 'கட்டாயப் பொறுப்பு' என்ற பெயரில் பெருஞ்சுமை இருந்தது. புதிய பங்கீடு அதைக் குறைத்தது. அந்த வகையில் மாற்றம் வரவேற்கத்தக்கது.

கூடவே இரண்டு விதிகள் வந்தன. மத்திய அரசின் 60 சதவீதம் 2021-22 முதல் மாணவரின் கணக்குக்கே நேரடியாகச் செல்லும். மாநிலம் தன் 40 சதவீதத்தை விடுவித்த பிறகே அது புறப்படும். இதிலிருந்து வரும் விளைவுகளைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

1. கட்டணம் இரண்டு தவணையாக, இரண்டு அரசுகளிடமிருந்து, வெவ்வேறு மாதங்களில் வருகிறது. முதல் தவணை தாமதமானால் இரண்டாவதும் தானாகத் தாமதமாகும்.

2. மாணவரின் கணக்கில் வருவதில் பெரும்பகுதி கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணம். அதைக் குறித்த காலத்துக்குள் கல்லூரியில் கட்டிவிட வேண்டும். வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்து அந்தப் பணம் கரைந்தால், பாக்கி மாணவர் பெயரில் நிற்கும்.

3. கல்லூரிக்கு அரசிடமிருந்து உறுதியான வரவு இல்லை என்பதால் அது மாணவரிடம் முன்பணம் கேட்கிறது. இதைத் தடுக்கத்தான் மத்திய வழிகாட்டி நெறிமுறையில் 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஏற்பாடு இருக்கிறது: தகுதியுள்ள மாணவர் அதைக் காட்டி முன்கட்டணமின்றிச் சேரலாம். சேர்க்கைக்குப் போகும்போது இந்த விதியின் நகலைக் கையில் வைத்திருப்பது பேச்சுக்கு வலு சேர்க்கும்.

4. பாக்கியைக் காரணம் காட்டி மார்க் ஷீட்டையும் டிசியையும் பிடித்து வைப்பது நடக்கிறது. மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. பாக்கியை வசூலிக்க வேறு வழிகள் உண்டு. சான்றிதழை அடமானமாக்குவது விதிமீறல்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்கு இந்த உதவித்தொகை இல்லை என்று மத்திய நெறிமுறை சொல்கிறது. "ஒரு பைசா கட்ட வேண்டாம், எல்லாம் ஸ்காலர்ஷிப்பில் போய்விடும்" என்று கிராமம் கிராமமாகச் சென்று ஆள் சேர்க்கும் தரகர்கள் இதைச் சொல்வதில்லை. சேர்க்கைக் கடிதத்தில் எந்த ஒதுக்கீடு என்று எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் படியுங்கள். அரசு ஒதுக்கீடு என்று எழுத்தில் இல்லையென்றால், முழுக் கட்டணமும் உங்கள் தலையில் விழும் என்று எண்ணிக்கொண்டே முடிவெடுங்கள்.

'சமர்ப்பி' பொத்தானை அழுத்திய பிறகு

தமிழ்நாட்டின் உதவித்தொகைகளுக்கு யூஎம்ஐஎஸ் என்ற பல்கலைக்கழக மேலாண்மைத் தளம். மத்திய அரசுத் திட்டங்களுக்கு என்எஸ்பி என்ற தேசிய உதவித்தொகைத் தளம். இரண்டிலும் விண்ணப்பம் நிறைவடைவது மாணவர் சமர்ப்பிக்கும்போதல்ல. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்க்க வேண்டும், அடுத்து மாவட்ட அல்லது மாநில நிலை அலுவலர் சரிபார்க்க வேண்டும், பிறகே பணம் வழங்கும் பிரிவுக்குப் போகும். குறை இருந்தால் 'திருத்தத்துக்காகத் திருப்பப்பட்டது' என்று மாணவரின் பக்கத்துக்கே வரும். குறுஞ்செய்தி வரும் என்று காத்திருந்து, அது வேறு எண்ணுக்குப் போய், திருத்தத்துக்கான கடைசித் தேதி தாண்டிவிட்டால் அந்த ஆண்டு விண்ணப்பம் அவ்வளவுதான். வாரம் ஒருமுறை உள்ளே சென்று நிலையைப் பார்ப்பது வீண் வேலையாகாது.

இதையெல்லாம் தாண்டிய விண்ணப்பமும் கடைசிப் படியில் விழக்கூடும். அந்தப் படி, ஆதார் வழிப் பணப்பட்டுவாடா.

நேரடிப் பணம் பெரும்பாலும் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்து அனுப்பப்படுவதில்லை. ஆதார் எண்ணைப் பார்த்து அனுப்பப்படுகிறது. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற பதிவேடு என்பிசிஐ என்ற தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்திடம் இருக்கிறது. அதில் ஓர் ஆதாருக்கு ஒரே வங்கிதான் இருக்க முடியும். கடைசியாகப் பதிவானதே செல்லும்.

வங்கியில் "ஆதார் லிங்க் செய்தாயிற்று" என்று சொன்னால், அது அடையாளச் சரிபார்ப்புக்காகக் கணக்கில் எண்ணைச் சேர்த்ததாக மட்டும் இருக்கலாம். என்பிசிஐ பதிவேட்டில் ஏற்றுவது வேறு வேலை. அதற்குத் தனி ஒப்புதல் படிவம் உண்டு. பள்ளியில் படிக்கும்போது ஒரு வங்கியில் கணக்கு, கல்லூரியில் சேர்ந்ததும் அங்கே முகாம் நடத்திய இன்னொரு வங்கியில் கணக்கு, ஊரில் தபால்காரர் திறந்து கொடுத்த அஞ்சல் வங்கிக் கணக்கு என்று ஒரே மாணவிக்கு மூன்று இருப்பது சாதாரணம். பணம் மூன்றாவதில் வந்து கிடக்க, அவர் முதலாவது பாஸ்புக்கில் வரவு வைத்துப் பார்த்துவிட்டு ஸ்காலர்ஷிப் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

பார்த்துக்கொள்ள வேண்டியவை:

1. ஆதார் ஆணையத்தின் தளத்தில் ஓடிபி மூலம் உள்ளே சென்றால் 'வங்கி இணைப்பு நிலை' என்ற பகுதி இருக்கும். எந்த வங்கி, இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்பதை அது காட்டும். விண்ணப்பிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

2. நீண்ட நாள் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கலாம். வங்கிக்குப் போய் உயிர்ப்பித்துவிட்டுச் சிறு தொகை ஒன்றைப் போட்டு எடுத்துப் பாருங்கள்.

3. பெயர். தமிழ்ப் பெயருக்கு முன் வரும் இனிஷியல் அனைத்திந்தியக் கணினிகளுக்குப் பெரிய தொல்லை. மார்க் ஷீட்டில் 'செல்வி மு', ஆதாரில் 'எம் செல்வி', பாஸ்புக்கில் 'செல்வி முருகன்' என்றிருந்தால் மனிதருக்குப் புரியும். இயந்திரம் மூன்று பேர் என்று எடுத்துக்கொள்ளும். மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் திருத்துவதே எளிது.

4. ஆதாரில் உள்ள கைபேசி எண் இப்போதும் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண் இருந்தால் ஓடிபி வராது. ஓடிபி இல்லாமல் ஒரு படியும் நகர முடியாது.

இரண்டாம் ஆண்டு

உதவித்தொகை ஒருமுறை கிடைத்தால் படிப்பு முடியும்வரை தானாக வரும் என்று நினைப்பது பரவலான தவறு. புதுப்பித்தல் விண்ணப்பம் ஆண்டுதோறும் உண்டு. மத்திய அரசின் தகுதி உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் வேண்டும். ஓர் ஆண்டு புதுப்பிக்கத் தவறினால் அந்த ஆண்டுப் பணம் போய்விடும்.

மீதிக்குக் கடன் வாங்கினால்

அரசு உதவி கழிந்த பிறகும் இடைவெளி இருந்தால் கல்விக் கடன். மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை அடமானமில்லை. 2024 நவம்பர் 6-ல் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், அரசு பட்டியலிட்ட தரமான நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்ந்தவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் தரப்படுகிறது. குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்து வேறு அரசு உதவி பெறாதவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்கள் என்ற வரம்புக்கு உட்பட்டது இது.

பலர் கேட்காமல் விடுவது, 2009-10 முதல் இருக்கும் முழு வட்டி மானியத்தை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் தொழிற்படிப்பு படித்தால், படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் சேர்ந்த வட்டி முழுவதையும் மத்திய அரசு கட்டுகிறது. இதன் மதிப்பு என்ன? நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000. அடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000. மொத்தம் 1,40,000 ரூபாய். இந்தத் தொகையை அரசு கட்டுவதா, நீங்கள் கட்டுவதா என்பது வங்கிக் கிளை உங்கள் பெயரில் மானியம் கோருகிறதா என்பதைப் பொறுத்தது. கடன் விண்ணப்பத்துடனேயே வருமானச் சான்றிதழைக் கொடுத்து, மானியப் பட்டியலில் சேர்த்ததை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படிப்பை நடுவில் விட்டால் மானியம் கிடைக்காது; இளங்கலை, முதுகலை இரண்டில் ஒன்றுக்குத்தான் இது பொருந்தும்.

நின்றுபோனால் யாரைக் கேட்பது?

எந்தப் படியில் நிற்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். கல்லூரிச் சரிபார்ப்பில் நின்றால் கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பாளர். அதைத் தாண்டி நின்றால் ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம் அல்லது பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகம். பணம் அனுப்பப்பட்டுத் திரும்பியிருந்தால் வங்கிக் கிளை. தவறான வாசலில் நின்று வாரங்களை இழப்பதற்குக் காரணம், நிலைப் பக்கத்தைப் பார்க்காமல் புறப்படுவதுதான்.

பதில் வராவிட்டால் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். முதல்வரின் உதவி மைய எண் 1100. மனுவில் விண்ணப்ப எண், சமர்ப்பித்த தேதி, இப்போது காட்டும் நிலை மூன்றையும் எழுதி, நிலைப் பக்கத்தின் அச்சுப்பிரதியை இணைக்க வேண்டும். ஒரே கல்லூரியில் பலருக்கு நின்றிருந்தால் தனித்தனியாக அலைய வேண்டாம்; எல்லோருடைய விண்ணப்ப எண்களையும் ஒரே மனுவில் பட்டியலாகக் கொடுங்கள்.